கழுவக் கழுவப் பாரம் கூடிய சாதாளை

கழுவக் கழுவப் பாரம் கூடுகிற சாமானை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? நான் கண்டேன். அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு வைத்து, பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள் நடத்துகிற ஆய்வுகூடத்தில் கண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு விசர் வரும். இதை எழுத உட்கார்ந்ததே அந்த விசரில்தான். எழுத்தில் பணிவு குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

நான் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெண்பிள்ளை. அப்பா நண்டு வலை விடுகிறவர். எங்கள் கரையிலிருந்து வள்ளத்தில் கொஞ்ச நேரம் போனால் சாதாளைத் தரை வரும். சாதாளை என்று நாங்கள் சொல்வது கடலுக்கு அடியில் வளர்கிற புல்லை. காற்று விழுந்து தண்ணீர் தெளிந்த காலையில் மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சையாக நிற்கும். நண்டு அதற்குள்தான் ஒளிக்கும், இறால் குஞ்சு அதற்குள்தான் வளரும், ஓரா மீன் அதைத்தான் மேயும். இழுவைப் படகுகள் வெளிக்கடலை வழித்துத் துடைத்த பிறகு எங்கள் தெருவில் அநேகம் பேருக்கு மிஞ்சியது அந்தத் தரை ஒன்றுதான். எங்கள் வீட்டுச் சோறும் அதிலிருந்துதான் வந்தது, என் படிப்பும் அதிலிருந்துதான் வந்தது.

அந்தத் தரையின் மேல்தான் கொழும்புக் கொம்பனி ஒன்றின் கண் விழுந்தது. கரையில் ஒதுங்கி அழுகுகிற சாதாளையை அள்ளி, நார் பிரித்து, கடுதாசியும் மட்டையும் செய்யப் போகிறோம் என்றார்கள். கேட்கும்போது நல்லதாகத்தான் இருந்தது. "உந்த நாத்தம் துலைஞ்சாக் காணும், மாதாவே" என்று அம்மாகூடச் சொன்னார். ஆனால் திட்டத்தின் இரண்டாம் பகுதி எங்கள் தெருவுக்கு அப்போது தெரியாது. திட்ட அறிக்கை பிறகு என் கைக்கு வந்ததால் எனக்குத் தெரியும். கடுதாசிக்கு வேண்டிய நார்ப்பொருள் செலுலோஸ். அது புல்லில் பாதிக்கு மேல் இருந்தால் பெரிதாகச் செய்வார்கள், ஒதுங்குகிற புல் அதற்குப் போதாது. வெட்டுகிற கருவி பூட்டிய படகுகளை இறக்கி, அடியில் உயிரோடு நிற்கிற புல்லையே அறுப்பார்கள். பாதிக்குக் கீழே இருந்தால் கட்டுபடியாகாது, வரமாட்டார்கள். அப்பாவின் தரை நிற்பதும் போவதும் அந்த ஒரு அளவில் கிடந்தது. அளக்கிற வேலை பல்கலைக்கழகத்தில் எங்கள் இரசாயனத் துறைக்கு வந்தது. ஆராய்ச்சி உதவியாளராக ஒப்பந்தத்தில் இருந்த என் மேசைக்கு வந்தது.

வேலையைத் தரும்போது பேராசிரியர் எல்லாருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டு சொன்னார்: "உமக்குத்தான் குடுக்கிறன். அந்த மணம் உமக்குப் பழகினதுதானே."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தச் சிரிப்புக்காக என்னையே திட்டித் திட்டிச் சைக்கிள் உழக்கினேன்.

செடி எதுவானாலும் முறை ஒன்றுதான். சுன்னாகத்து வாழைமடலிலும் கரவெட்டிப் புகையிலைத் தண்டிலும் செய்து எனக்குக் கை பழகியிருந்தது. சாதாளையில் கூடுதலாக ஒரு வேலை உண்டு. இலையில் ஒட்டியிருக்கிற சிப்பிப் பொருக்கை முதலில் நீர்த்த அமிலத்தில் போக்கிவிட வேண்டும். போக்கினேன். பிறகு காயவைத்து, மாவாக அரைத்து, மதுசாரத்தில், அதாவது அற்ககோலில், காய்ச்சிப் பச்சையையும் மெழுகையும் எடுத்தேன். அதன் பிறகு குளோரைற்றும் அசற்றிக் அமிலமும் விட்டுச் சூட்டில் வைத்தால், செடியை விறைப்பாக வைத்திருக்கிற லிக்னின் கரைந்துவிடும். கறுத்துப் போய் வந்த புல் வெள்ளைப் பஞ்சாகக் கிடக்கும். அந்தப் பஞ்சில் செலுலோசும் ஹெமிசெலுலோசும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கும். அதை நிறுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் பிரிப்பதற்குக் கடுங்காரம். காரத்தில் ஹெமிசெலுலோஸ் கரைந்து வெளியே வந்துவிடும், செலுலோஸ் அசையாது. வடித்தெடுத்து, காரம் போகக் கழுவி, கொஞ்சம் அமிலம் விட்டு, திரும்பவும் கழுவி, உலர்த்தி நிறுத்தால் அது செலுலோசின் பாரம். முதல் நிறுத்ததில் இதைக் கழித்தால் மிச்சம் ஹெமிசெலுலோஸ். சமையலைவிடப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொறுமையும் சுத்தமான தண்ணீரும் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீரில்தான் எல்லாம் கெட்டது. காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவ வேண்டும். எங்கள் வடிகருவியின் சூடாக்கும் கம்பி எரிந்துபோய்க் கிடந்தது. எதனால் எரிந்தது? எங்கள் கிணற்றுத் தண்ணீரால். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் போய்த் தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தில் மூடியைத் திறந்து பாருங்கள், அடியில் வெள்ளையாகப் படை பிடித்திருக்கும். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருகிற தண்ணீர் அது. கேத்திலுக்குச் செய்ததையே எங்கள் கருவிக்கும் செய்தது. கம்பியில் சுண்ணாம்பு ஏறி ஏறி, கடைசியில் கம்பி வெடித்தது.

பேராசிரியரிடம் போனேன்.

"புதுக் கம்பி கொழும்பிலையிருந்து வரவேணும். அதுமட்டும் நிண்டு மினக்கெடேலாது," என்றார். "பைப் தண்ணியிலை கழுவும்."

"சேர், அது கிணத்துத் தண்ணி."

"கழுவத்தானே கேக்கிறீர், குடிக்கவே? அமிலமும் முடியுது, அது வேண்டாம். காரம் போகுமட்டும் தண்ணியாலையே கழுவும்."

சொன்னதைச் செய்தேன். காரம் இன்னும் இருக்கிறதா என்று பாசிச்சாயத் தாளை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கழுவினேன். காரம் ஊறிய செலுலோஸ் லேசில் விடாது, கூழ் மாதிரி வழுவழு என்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு தொகுதியைக் கொஞ்சமாகக் கழுவி நிறுத்தேன். அடுத்ததை நன்றாகக் கழுவி நிறுத்தேன். நன்றாகக் கழுவியது பாரம் கூடிப்போய் நின்றது. தராசில்தான் பிழை என்று நினைத்து, தராசைத் துடைத்து, திரும்ப நிறுத்தேன். மூன்றாவதை இன்னும் கழுவினேன். இன்னும் கூடியது. "அந்தோனியாரே, இதென்ன கூத்து" என்று வாய்விட்டே சொன்னேன்.

செலுலோஸ் பாதியைத் தாண்டி நின்றது. கழித்துப் பார்த்தால் ஹெமிசெலுலோஸ் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்தது. புல்லில் அது கிட்டத்தட்ட இல்லையாம்! ஆனால் நான் வடித்து வைத்த காரக் கரைசல் மேசையில்தான் இருந்தது. அதில் அமிலம் விட்டு, மதுசாரத்தை ஊற்றினேன். கண்ணுக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு, பஞ்சுத் துணுக்காக அடியில் இறங்கியது. அதுதான் ஹெமிசெலுலோஸ். கணக்கில் இல்லாத சாமான் கிண்ணம் நிறையக் கிடந்தது. அப்படியென்றால் பிழை செலுலோஸ் பக்கத்தில். அதற்குள் செலுலோஸ் அல்லாத ஏதோ ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஏறினது எது என்று அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று, அந்தச் செலுலோசைப் புடக்குகை என்கிற சின்னப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு உலையில் எரித்தேன். செலுலோஸ் என்றால் புகையாகப் போய்விட வேண்டும். போகவில்லை. வெள்ளைத் தூள் அப்படியே மிஞ்சிக் கிடந்தது. சுண்ணாம்பு. காரம் ஊறிய நாரில் எங்கள் தண்ணீர் பட்டவுடன் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, கழுவக் கழுவ மேலும் மேலும் படிந்திருக்கிறது. கடைசியில் அமிலம் விட்டிருந்தால் அதுவாவது கரைத்திருக்கும். அதைத்தான் வேண்டாம் என்றாரே! கேத்தில் அடியில் இருக்கிற படையைச் சுரண்டி, தராசில் வைத்து, இதுதான் கடற்புல்லின் செலுலோஸ் என்று சொல்லப் போயிருக்கிறோம். தினமும் கேத்தில் கழுவுகிற யாழ்ப்பாணத்தில் இந்தப் பிழை விடுவதற்கு ஆளைத் தேட வேண்டும்.

புடக்குகையோடு அவருடைய அறைக்கு ஓடினேன். ஒரு பிழையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில்தான் ஓடினேன், சத்தியமாக. திருத்தினால் சரி, எல்லாருக்கும் நல்லது என்று நினைத்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"ஓம், கல்சியம்தான். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரே?"

"அப்ப ஏன் சேர்..."

"இது பூர்வாங்க முடிவு. கொம்பனி உள்ளை வரட்டும், பேந்து திருத்துவம். திட்டம் வந்தா வடிகருவி என்ன, முழு ஆய்வுகூடமே புதிசாய் வரும். உமக்கும் நிரந்தரமாய் ஒரு இடம் பாக்கலாம்."

"நீங்கள் பேந்து திருத்தேக்கை தரை இருக்காது, சேர். வெட்டி முடிஞ்சிருக்கும்."

"உங்கடை ஆக்களுக்கு எப்பவும் உந்தப் பயம்தான்," என்றார், கொஞ்சமும் கோபப்படாமல். "ஆராய்ச்சிக்கு வரேக்கை வலையை வீட்டிலை வைச்சிட்டு வாரும்."

உங்கடை ஆக்கள்! இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன், மானிப்பாய் பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை எங்கள் ஆட்களின் நண்டைப் பேரம் பேசி வாங்கி, விரலைச் சூப்பிச் சூப்பித் தின்றுவிட்டு, திங்கட்கிழமை எங்களுக்குப் பக்கத்தில் இருக்க மூக்கைப் பொத்துகிறவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் ஒருவரும் சுண்ணாம்பைச் செலுலோஸ் என்று சொல்லவில்லை. இவர் சொன்னார். தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னிப்பேன். தெரிந்துகொண்டு சொன்னார். கோதாரியில் போன புத்தி என்று மனதுக்குள் கத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. ஓட்டோ திருத்துகிற கடையில் போய்ப் பற்றரித் தண்ணி வாங்கினேன். அதுவும் சுத்தமாக்கிய தண்ணீர்தான். போத்தல் போத்தலாகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்த கடைக்காரர், "பிள்ளை, எத்தினை வாகனம் ஓடுறியள்?" என்று பகிடி விட்டார். அமிலத்துக்குப் பக்கத்துத் துறையில் கெஞ்சினேன். முழுவதையும் முதலிலிருந்து செய்தேன். கழுவக் கழுவப் பாரம் ஓரிடத்தில் நின்றது, கூடவில்லை. செலுலோஸ் பாதிக்கு நன்றாகக் கீழே வந்தது. கழித்தால் ஹெமிசெலுலோஸ் ஒழுங்காக வந்தது, கிண்ணத்தில் கண்டதோடு ஒத்தும் வந்தது. எரித்தால் ஒரு சொட்டுச் சாம்பல்தான். அந்த முடிவைப் பேராசிரியரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். "வையும், பாப்பம்" என்றார். பார்க்கவில்லை. கொம்பனிக்குப் போனது பழைய முடிவு.

கொம்பனிக்காரர் கரைக்கு வந்தார்கள். எங்கள் சனசமூக நிலையத்தில் கூட்டம். ஒரு அதிகாரியும், அவரோடு தமிழ் நன்றாகப் பேசுகிற ஒரு பெண்மணியும் வந்திருந்தார்கள். பேராசிரியர் என்னை ஏன் கூட்டிப்போனார் என்பது உங்களுக்கு விளங்கும். அந்தத் தெருப் பிள்ளை பக்கத்தில் நின்றால் சனம் நம்பும் அல்லவா. என் கையில் ஒரு போத்தலைத் தந்தார். அதற்குள் பளபள என்று வெள்ளைத் தூள், பழைய தொகுதி. "நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம், பிடிச்சுக்கொண்டு நில்லும்" என்றார். ஏதோ கோயில் பெருநாளில் மாதா சுரூபம் தூக்குகிறவள் மாதிரி நின்றேன்.

அப்பா எழும்பினார். நிற்கிற புல்லையும் வெட்டுவார்கள் என்று நான் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். கூட்டத்தில் பேசுகிற ஆள் அல்ல அவர். சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, மரியாதையாக, மெதுவாகத் தொடங்கினார். எந்த மாதத்தில் நண்டு சினையோடு சாதாளைக்குள் வரும், குஞ்சு எவ்வளவு காலம் அதற்குள் நிற்கும், ஒரு இடத்தில் புல் போனால் அந்த இடத்தில் எத்தனை வருஷம் வலையில் ஒன்றும் படாது, எல்லாம் சொன்னார். நடுவில் மூச்சு வாங்கி, திரும்பவும் சொன்னார். "நாங்கள் வேண்டாமெண்டு சொல்லேல்லை, ஐயா. ஒதுங்கிறதை அள்ளுங்கோ. நிக்கிறதை விட்டிடுங்கோ" என்று முடித்தார். அதிகாரி சிரித்த முகமாகத் தலையாட்டினார். பேராசிரியர் அவருக்குப் பக்கத்தில் குனிந்து, ஆங்கிலத்தில் ஒரு வரியில் அதைச் சொல்லி முடித்தார். அப்பா பேசியது முழுக்க அந்த ஒரு வரிக்குள் போய்விட்டது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார்.

பிறகு பேராசிரியர் என் கையிலிருந்த போத்தலைக் காட்டினார். "பாருங்கோ, இதுதான் உங்கடை கடலின்ரை செல்வம். பாதிக்கு மேலை சுத்தச் செலுலோஸ்!"

அவ்வளவுதான். எனக்கு மண்டைக்குள் ஏதோ அறுந்தது. வந்தவர்களுக்காகப் பக்கத்து மேசையில் என் மாமி தேசிக்காய்த் தண்ணி கரைத்துக்கொண்டிருந்தார். பாதி பிழிந்த தேசிக்காய் ஒன்று கிடந்தது. எலுமிச்சைப் புளியும் அமிலம்தானே. எடுத்தேன். சின்னத் தட்டில் போத்தலைக் கவிழ்த்து, தூளைக் கொட்டி, தேசிக்காயை அதன் மேல் பிழிந்தேன். சர் என்று நுரைத்துப் பொங்கியது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் "ஆ!" என்று எழும்பிவிட்டார்கள்.

"செலுலோஸ் எண்டா உப்பிடிப் பொங்காது," என்றேன். தட்டைத் தூக்கிக் காட்டினேன். "இதுக்குள்ளை கிடக்கிறது சுண்ணாம்பு. எங்கடை கிணத்துத் தண்ணியிலை வந்த சுண்ணாம்பு. கேத்திலைச் சுரண்டினாலும் உதுதான் வரும். ஆரின்ரை காதிலை பூச்சுத்துறீங்கள், சேர்?"

"என்ன செய்யிறீர் நீர்? உதை வையும்!" என்றார் அவர்.

கொம்பனிப் பெண்மணி எழும்பி வந்து தட்டைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"அப்படியென்றால் சரியான அளவு என்ன?" என்று கேட்டார்.

"பாதிக்கு நல்லாக் கீழை. திருப்பிச் செய்து பாத்திட்டன். ஆர் செய்தாலும் அதுதான் வரும். வேற இடத்திலை குடுத்துச் செய்விச்சுப் பாருங்கோ."

அவர் அதிகாரியோடு நாலு வார்த்தை சிங்களத்தில் பேசினார். இருவரும் நன்றி சொன்னார்கள், தேசிக்காய்த் தண்ணியைக் குடித்தார்கள், போய்விட்டார்கள். திரும்பி வரவே இல்லை. புல்லை வேறெங்கோ கொடுத்துச் சோதித்தார்கள் என்றும், அங்கேயும் குறைவாகவே வந்தது என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

பேராசிரியர் வாகனத்தில் ஏற முதல் என்னைப் பார்த்து, "உமக்கு இனி அங்கை வேலை இல்லை" என்றார். "எனக்கு உங்கை வேலை வேண்டாம்" என்று நானும் சொன்னேன். சொன்னபடியே ஒப்பந்தம் முடிந்ததோடு என்னை விட்டார்கள். இப்போது ரியூட்டரியில் இரசாயனம் படிப்பிக்கிறேன். அவர் இன்னும் அதே அறையில், அதே கதிரையில் இருக்கிறார். இதை எழுதும்போதும் கை சூடேறுகிறது.

அன்று பின்னேரம் தெருவே என்னைக் கொண்டாடியது. மாமி தேசிக்காயைப் பிழிகிற மாதிரி நடித்துக் காட்ட, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா, "உன்ரை வாய் ஒருநாளும் நல்லதுக்கு உதவாதெண்டு நினைச்சன்" என்று சொல்லித் தலையைத் தடவினார். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

அப்பா மட்டும் முற்றத்தில் வலையை விரித்து, நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன். ஒரு நண்டின் காலைச் சிக்கெடுத்துக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை, அந்தப் புல்லிலை உண்மையாவே பாதிக்கு மேலை கிடந்திருந்தா, வெட்டியிருப்பினம், என்ன?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அன்று காலை முழுக்கப் பொய்க்கு எதிராகக் கத்தியவள் நான்.

"ஓம், அப்பா."

"நீயும் அந்தக் கணக்கைத்தான் குடுத்திருப்பாய்."

"ஓம்."

அவர் தலையாட்டினார். கழற்றிய நண்டைக் கூடைக்குள் போட்டார். அடுத்த சிக்கில் கை வைத்தவர், எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"அப்ப நான் அவ்வளவு நேரம் எழும்பி நிண்டு கதைச்சது ஆருக்குப் பிள்ளை?"